கீமோவுக்குப் பின் நாக்கு ஏன் மாறுகிறது?

ஊட்ரமில் உள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தில் கீமோ ஏற்றிக்கொண்டு ஆங் மோ கியோ திரும்புபவருக்கு, பழகிய உணவங்காடியின் மீ கோரெங்கூட இரும்பாகக் கசக்கலாம். சமைத்தவர்மேல் பிழையில்லை. வேகமாகப் பிரியும் செல்களைக் கீமோ தாக்குகிறது. நல்லது, கெட்டது பார்ப்பதில்லை. சுவைச் செல்கள் ஏறக்குறைய 10 நாளில் புதுப்பிக்கப்படுபவை, அதனால் சிக்கிக்கொள்கின்றன. பிளாஸ்டிக் கரண்டியும் சூடு ஆறிய உணவும் சிலருக்கு உதவும். பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்தபின் சுவை மெல்லத் திரும்பும். மனம் தளர வேண்டாம்.

காய்ச்சலை மட்டும் பொறுக்கக் கூடாது. எலும்பு மஜ்ஜையும் அடிவாங்குவதால், பல மருந்துகளில் ஏற்றியபின் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகக் குறையும், தொற்று எளிதில் பற்றும். உடல்சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பனடால் போட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். அது சூட்டைத் தணிக்கும், தொற்றை நிறுத்தாது. நள்ளிரவானாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், கீமோ எடுப்பதை முதலில் சொல்லுங்கள்.