மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

கணக்கு என்றதும் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது அரிசிக் கணக்குத்தான்!

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போன பழைய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பலகையில் 64 கட்டங்களுக்குப் பதிலாக 67 கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த அரிசி எவ்வளவு தெரியுமா?

147573952589676412927!

மூச்சு வாங்குகிறதல்லவா? இந்தக் குவியலை, மிச்சம் இல்லாமல் சம பங்காகப் பிரிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

வீட்டில் 12 அப்பளம் இருந்தால் இரண்டு, மூன்று, நான்கு அல்லது ஆறு பேருக்கு உடைக்காமல் சமமாகப் போடலாம். 13 இருந்தால்? பதின்மூன்று பேருக்கு ஆளுக்கு ஒன்று. இல்லாவிட்டால் ஒருவருக்கே அத்தனையும்! இப்படி முரண்டு பிடிக்கும் எண்களுக்குத்தான் பகா எண்கள் என்று பெயர்.

நம் அரிசி எண்ணும் அந்த ரகம்தான் என்று 1644-ல் பிரான்ஸ் தேசத்துத் துறவி மெர்சென் எழுதி வைத்தார். 232 வருஷம் கழித்து, 1876-ல், அதே தேசத்தைச் சேர்ந்த லூக்கா என்பவர், அது பகா எண் அல்ல, பங்கு போடலாம் என்று நிரூபித்தார். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! எத்தனை பேருக்குப் போடலாம் என்பதை அந்த நிரூபணம் சொல்லவில்லை. பெட்டிக்குள் நகை இருப்பது நிச்சயம், சாவியைத்தான் காணோம்!

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணித சங்கம் கூடியது. கோல் என்ற பேராசிரியர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். வாயே திறக்கவில்லை. நம் எண்ணைக் கணக்கிட்டு ஒரு பக்கம் எழுதினார். மறுபக்கம், 193707721 என்பதை 761838257287-ஆல் பெருக்கினார். விடை? அதே எண்! பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். சபை கைதட்டியது.

இந்தக் காட்சியை எழுதி வைத்தவர் ஈ. டி. பெல் என்ற கணித அறிஞர். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டதற்கு, “மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்” என்றாராம் கோல்!

மூக்குத்தியின் திருகாணி தொலைந்தால் தேடுவதற்கு ஒரு நாள் போய்விடும். கிடைத்த பிறகு, அதுதானா என்று பார்க்க ஒரு நொடி போதும். எண்களும் அப்படித்தான். பெருக்குவது சுலபம், பிரிப்பது பிரம்மப் பிரயத்தனம்.

கோல் பட்ட பாட்டை இன்றைய கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். ஆனால் 600 இலக்கமுள்ள எண்ணை, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் செய்து கொடுத்தால், அதுவும் திணறிப்போகும். அந்தத் திணறலையே பூட்டாக்கி, 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் ஒரு ரகசிய முறை வகுத்தார்கள். இணையத்தில் போய்வரும் எத்தனையோ அந்தரங்கங்களை அந்தப் பூட்டு காத்து வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டை இரண்டு படுத்தினால், கோல் செய்த பெருக்கலைக் கொடுத்து உட்கார வையுங்கள். சற்று நேரம் வீடு அமைதியாக இருக்கும். விடையைச் சரிபார்க்க நீங்கள் சிரமப்பட வேண்டாம், மேலேயே இருக்கிறது!