ரயில் நிலையக் கடைகளின் உரிமக் கட்டணம்: வழக்குகள் எழுவது எதனால்?

கொச்சி: ரயில் நிலைய நடைமேடையில் தேநீர், பழச்சாறு விற்கும் சிறு கடைக்காரர் ரயில்வேக்குச் செலுத்துவது வாடகை அன்று, உரிமக் கட்டணம். பிறர் இடத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்கான அனுமதி மட்டுமே அவருக்கு உண்டு. குத்தகைதாரருக்குரிய பாதுகாப்பு கிடையாது.

2010ஆம் ஆண்டின் ரயில்வே உணவு வழங்கல் கொள்கை, நிலையான கடைகளுக்கு ஆண்டு விற்பனையில் 12 சதவீதத்தைக் கட்டணமாக வைத்தது. சதவீதத்தில் பெரும்பாலும் தகராறு இல்லை. விற்பனை எவ்வளவு என்பதில்தான் தகராறு. உதாரணமாக, கடைக்காரர் 20 லட்சம் ரூபாய் என்று கணக்குக் காட்டினால் கட்டணம் 2.40 லட்சம். அதிகாரிகள் அதே கடையை 30 லட்சம் என மதிப்பிட்டால் 3.60 லட்சம். கூடுதல் சுமையை விலையில் ஏற்றவும் வழியில்லை. விலையை நிர்ணயிப்பதும் ரயில்வேதான். ஒரு லிட்டர் ‘ரயில் நீர்’ விலை 2025 செப்டம்பர் 22 முதல் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

இத்தகைய கடைக்காரர்களுக்கு முக்கியமான தீர்ப்பு 2016 ஜனவரி 29 அன்று வெளியானது. தென்மத்திய ரயில்வேக்கு எதிராக உணவு, உலர்பழ, பழச்சாறுக் கடைக்காரர்களின் நலச் சங்கம் தொடுத்த வழக்கு அது. சிறு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் கருத்தில் கொண்டு, உரிமங்களைப் புதுப்பிக்க உச்சநீதிமன்றம் வழிசெய்தது. ஆனால் கட்டண நிலுவையைத் தீர்த்தாக வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை. கட்டணம் அதிகம் எனக் கருதி, செலுத்தாமலே வழக்காடுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது: நிலுவை சேர்ந்தால் புதுப்பிக்கும் தகுதியே கேள்விக்குள்ளாகும். உரிமம் காலாவதியான பின் கடையைத் தொடர்ந்தால், பொது இடங்களில் அனுமதியின்றி இருப்போரை வெளியேற்றும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் பாயும்.

2017 பிப்ரவரியில் வந்த புதிய கொள்கையின்படி, சிறு கடைகள் ஒப்பந்தப்புள்ளி வழியே ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கப்படுகின்றன, புதுப்பித்தல் இல்லை. இங்கு வழக்கின் தன்மையும் மாறுகிறது. கட்டணத்தை முன்மொழிந்தவர் கடைக்காரரே என்பதால், பின்னர் நஷ்டத்தைக் காட்டிக் குறைக்கக் கோருவது கடினம். ரயில்கள் நின்றுபோன 2020 பொதுமுடக்கம் போன்ற சூழல் வேறு.

ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருந்தால், நீதிமன்றம் முதலில் அவ்வழியையே காட்டக்கூடும். ரயில்வேயே தன்விருப்பப்படி ஒற்றை நடுவரை நியமிப்பது முன்பு கடைக்காரர்களுக்குத் தயக்கம் தந்தது. 2024 நவம்பர் 8 அன்று, ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பு தொடர்பான வழக்கில், ஒரு தரப்பு மட்டும் ஒற்றை நடுவரை நியமிக்கும் விதி சமத்துவத்துக்கு முரணானது என ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

எர்ணாகுளம் சந்திப்பு, எர்ணாகுளம் டவுன் நிலையங்கள் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் அடங்கும். அங்குள்ள கடைக்காரர்கள் மறுமதிப்பீடு கோரும் மனுவை, விற்பனைக் கணக்குகளுடன், முதலில் அக்கோட்டத்தின் வணிகப் பிரிவிடம் அளிக்கலாம்.