அழித்துச் செய்வதா, மெருகு போடுவதா?

பாட்டியின் அட்டிகை ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. கொக்கி தேய்ந்துவிட்டது. இரண்டு கல் ஆடுகிறது. பேத்திக்குக் கல்யாணம் நெருங்குகிறது. "கல்லை இறுக்கி மெருகு போட்டால் போதும்" என்கிறாள் அம்மா. "இதை இப்போது யார் போட்டுக்கொள்வார்கள்? அழித்துப் புது மோஸ்தரில் செய்துவிடலாம்" என்கிறாள் பெண். ஆசாரி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்படியும் அவருக்குக் கூலி உண்டு!

நம் வீடுகளில் நகைக்காக நடக்கும் இந்த வாக்குவாதம், அமெரிக்காவில் பல வீடுகளில் பழைய மோட்டார் காருக்காக நடக்கிறது. அறுபது வயதான காரைத் துடைத்து, மெழுகு பூசி, குழந்தை போல் காப்பாற்றுகிறவர்கள் அங்கே ஏராளம். பழைய தமிழ்ப் படங்களில் பணக்காரர் பங்களா வாசலில் படகு மாதிரி வந்து நிற்குமே, அந்த ஜாதிக் கார்கள். அவற்றின் ஆட்டோமாடிக் கியர் பெட்டி ஒருநாள் மக்கர் செய்கிறது. பிரித்துச் சீர்செய்வதா, வேறொன்றை மாட்டுவதா?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கார், 1965-ம் வருஷத்துச் செவர்லே இம்பாலா. அப்பா ஆசையாய் ஓட்டியது. அவர் காலமான பிறகு மகளிடம் வந்திருக்கிறது. சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போது இன்ஜின் உறுமுகிறது. வண்டி மட்டும் யோசித்து யோசித்து நகர்கிறது. "பெட்டி போய்விட்டது, மாற்றியாக வேண்டும்" என்கிறார் மெக்கானிக். அம்மாவும் மகளும் என்ன செய்வார்கள்?

இடது காலுக்கு விடுதலை

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். சாதாரணக் காரில் கிளச்சை இடது காலால் அமுக்கி, கையால் கியர் மாற்ற வேண்டும். ஆட்டோமாடிக் காரில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைச் சுழல விட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் அதுதான் டார்க் கன்வர்ட்டர். அதற்குப் பின்னால் உள்ள கியர்களை, எண்ணெயின் அழுத்தத்தில் இறுகும் கிளச் பிளேட்டுகளும் பாண்டுகளும் மாற்றிக் கொடுக்கின்றன.

1940-ம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் ஹைட்ராமாடிக் என்ற பெயரில் முழு ஆட்டோமாடிக் பெட்டி வந்தது. 1950-ல் செவர்லே தன் பவர்கிளைடை வெளியிட்டது. சாமானியக் குடும்பங்களுக்கும் இந்தச் சௌகரியம் எட்டியது. நம் இம்பாலாவில் இருப்பதும் பவர்கிளைடுதான். முன்னே போக இரண்டே கியர். எளிய அமைப்பு, கெட்டியான உடம்பு. 1973 வரை தயாராயிற்று. நேர்கோட்டில் பறக்கும் பந்தயக் கார்க்காரர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள் என்றால் பாருங்களேன்!

அவசரப்பட வேண்டாம்

வயிற்று வலி என்றதும் யாராவது ஆபரேஷனுக்குப் படுத்துவிடுவார்களா? பெட்டியை இறக்குவதற்கு முன் எண்ணெயைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடாகி, நின்றபடி ஓடிக்கொண்டிருக்கும்போது அளவுக் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தால் போதும், பாதி கதை தெரிந்துவிடும்.

எண்ணெய் சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் கிளச் பிளேட்டுகள் கருகியிருக்கின்றன. ரோஸ் மில்க் போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது. நிறம் சரியாக இருந்து, அளவு மட்டும் குறைந்திருந்தால்? அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

பவர்கிளைடில் வாக்குவம் மாடுலேட்டர் என்று ஒரு சின்னத் தகர டப்பா உண்டு. அதற்குள் இருக்கும் சவ்வு கிழிந்துவிட்டால், இன்ஜின் அந்த வழியாகப் பெட்டியின் எண்ணெயை உறிஞ்சிக் குடித்துவிடும். தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. பின்னால் வெள்ளைப் புகை மட்டும் வரும். எண்ணெய் குறையக் குறைய வண்டி வழுக்கும். பெட்டியே போய்விட்டது போலத் தோன்றும். அந்த டப்பாவை மாற்ற ஆகும் செலவு, புதுப் பெட்டியின் விலைக்கு முன் தூசு. ஆகவே இரண்டாவது மெக்கானிக்கிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

நம் குடும்பத்துக் காரில் எண்ணெய் பழுப்பு, வாடையும் அடிக்கிறது. வைத்தியம் தேவைதான். இனித்தான் உண்மையான கேள்வி.

மூன்று வழிகள்

முதல் வழி, அதே பெட்டியைப் புதுப்பிப்பது. முழுக்கப் பிரித்துக் கழுவி, ஆயில் சீல்கள், கிளச் பிளேட்டுகள், பாண்டுகள், புஷ்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுப் பூட்டுவது. ஒழுகும் இடத்துக்கு மட்டும் சீல் மாற்றிப் பெயின்ட் அடித்துவிட்டுப் "புதுப்பித்தாயிற்று" என்று சொல்கிறவர்களும் உண்டு. என்னென்ன மாற்றினீர்கள் என்று எழுதி வாங்குவது உத்தமம்.

இரண்டாவது, 1969-ல் வந்த டர்போ ஹைட்ராமாடிக் 350. மூன்று கியர். முதல் கியர் விகிதம் 2.52. பவர்கிளைடுக்கு அது 1.82 அல்லது 1.76 தான். எண் பெரிதானால் கிளம்பும்போது இழுப்பு அதிகம். வால் குட்டையான 350, நீளத்தில் பவர்கிளைடுக்கு ஏறக்குறைய சமம். எனவே கீழே வெட்டல் ஒட்டல் அதிகம் இராது.

மூன்றாவது, 1982-ல் வந்த 700 ஆர் 4. இதில் நான்கு கியர். முதல் கியர் 3.06, கடைசிக் கியர் 0.70, ஓவர் டிரைவ். பின் ஆக்ஸில் விகிதம் 3.36, சக்கரத்தின் விட்டம் சுமார் 27 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 மைல் வேகத்தில் பவர்கிளைடு இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 2,500 சுற்றுச் சுற்றும். ஓவர் டிரைவில் சுமார் 1,750 போதும். சத்தம் குறையும், பெட்ரோல் மிஞ்சும், பேச்சுக் குரல் காதில் விழும். ஆனால் பின் ஆக்ஸில் 3.08 ஆக இருந்தால் அதே ஓவர் டிரைவில் இன்ஜின் திணறும். பெட்டியையும் ஆக்ஸிலையும் ஜோடி பார்த்துத்தான் சேர்க்க வேண்டும், ஜாதகம் பார்ப்பது போல!

700 ஆர் 4 சுமார் மூன்று அங்குலம் நீளம் கூடியது. அதற்கேற்ப புரொபெல்லர் ஷாப்டைக் குறைக்க வேண்டும்; தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் நகர்த்த வேண்டும். இன்னொரு விஷயம், டி.வி. கேபிள். வீட்டில் படம் காட்டும் டி.வி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பி இது. பெடலை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று பெட்டிக்குச் சொல்வது இதுதான். இது சரியாக அமையாவிட்டால் எண்ணெய் அழுத்தம் குறைந்து, புதுப் பெட்டியின் கிளச்சுகள் சில நாளிலேயே கருகிவிடும். பணம் கொடுத்தவர் பெட்டியைத் திட்டுவார், குற்றம் கம்பியினுடையது.

கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை

எந்த வழியானாலும் சில கேள்விகள் உண்டு. டார்க் கன்வர்ட்டரையும் மாற்றுகிறீர்களா? ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானையும் குழாய்களையும் கழுவுகிறீர்களா? பழைய பெட்டி உதிர்த்த உலோகத் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். கழுவாமல் விட்டால் புதியதற்குள் போய்விடும். கன்வர்ட்டர் பம்புக்குள் முழுதாக உட்கார்ந்ததா? உட்காராமலே முறுக்கினால் பம்பு உடையும். பார்க் நிலையில் வண்டி அசையாமல் நிற்கிறதா? கியரில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் இன்ஜின் கிளம்பாமல் இருக்கிறதா? குழந்தைகள் விளையாடும் வீட்டில் இந்தக் கடைசி இரண்டையும் நாமே சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்று: என் பழைய பெட்டி எங்கே போகிறது? "பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்ததை எடுத்துப் போங்கள்" என்பது கடைகளின் வழக்கம். பழையதற்கென்று ஒரு முன்பணம் பிடித்து, அது வந்ததும் திருப்பித் தருவார்கள். சுலபந்தான். ஆனால் அப்பா ஓட்டிய பெட்டி யார் காருக்கோ போய்விடும். அந்த முன்பணத்தை விட்டுக்கொடுத்தாவது பழையதை வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

அசல் என்பது என்ன?

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 1953 ஆகஸ்டு 12-ல் மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் ஹைட்ராமாடிக் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்துபோயிற்று. கார்கள் காத்திருக்கின்றன, பெட்டிகள் இல்லை. என்ன செய்வது? காடிலாக், ஓல்ட்ஸ்மொபீல் கார்கள் சிலவற்றில் ப்யூக்கின் டைனாஃப்ளோ பெட்டியையும், பான்டியாக் கார்கள் சிலவற்றில் செவர்லேயின் பவர்கிளைடையும் மாட்டி அனுப்பினார்கள். இன்று அந்தக் காடிலாக் ஒன்றில் டைனாஃப்ளோ இருந்தால், அதுதான் அசல்! அவசரத்துக்குச் செய்த மாற்றம் சரித்திரமாகிவிட்டது.

ஆகவே மாற்றுவதில் பாவம் ஒன்றுமில்லை. கார் இனி எங்கே போகப்போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கும் மட்டுமென்றால் பவர்கிளைடைப் புதுப்பித்தால் போதும். ஊருக்குள் தினம் ஓட வேண்டுமென்றால் 350. வாரக் கணக்கில் நெடுஞ்சாலைப் பிரயாணம் என்றால் நான்கு கியர்.

நம் கற்பனைக் குடும்பத்தில் மகள் நாலு கியர் வேண்டுமென்கிறாள். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: "இந்த வண்டியில் நீ எங்கே போகப்போகிறாய்?"

மகள் யோசிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை வரைக்கும்; அம்மாவை முன் ஸீட்டில் உட்கார்த்திக்கொண்டு. வேறெங்கும் இல்லை.

"அப்படியானால் அப்பாவுடைய பெட்டியே போதும்" என்கிறாள்.

பாட்டியின் அட்டிகைக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆசாரி கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்!