கனகசபை பட்ட அடி

மாலை வேளையில் குடும்பத்தோடு முழந்தாளிட்டு அரைமணி நேரம் செபித்தல் எளிது. எஞ்சிய இருபத்துமூன்றரை மணி நேரத்தையும் அச்செபத்திற்கு இசைய நடத்துதல் அரிது. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியோர் இருவர். ஒருவர் மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை. மற்றவன் என் மகன்.

1826ஆம் ஆண்டு குளத்தூரிலே கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. முனிசீப் பதவியில் அமர்ந்து நீதி வழங்கியவர். 1859இல் நீதிநூல் இயற்றியவர். பெண்கல்வியை வற்புறுத்திப் பெண்மதி மாலை பாடியவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்திலே தம் பொருளை ஏழைகளின் பசி தீர்க்க ஈந்தவர். தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய அவர் சர்வசமய சமரசக் கீர்த்தனைகளையும் பாடினார். சைவப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இந்தக் கிறிஸ்தவ நண்பரைத் தலைவராக வைத்துக் குளத்துக்கோவை பாடினார் என்றால், அவருடைய வாழ்வு பிற சமயத்தார் உள்ளத்திலும் எத்தகைய இடம் பெற்றிருந்தது என்பது விளங்கும்.

1879இல் வெளிவந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தமிழின் முதல் நாவல் என்று மாணவர் மனனஞ் செய்வர். அதன் தொடக்கத்திலே வரும் ஒரு செய்தியை மட்டும் பலரும் சிரித்துவிட்டுக் கடந்து போவர். செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய பிரதாபன் முதியோரின் செல்லத்தில் வளர்கின்றான். அவன்மேல் அடி விழலாகாது. ஆகவே அவன் செய்யும் தவறுகளுக்கு உபாத்தியாயருடைய மகனாகிய கனகசபை அடி வாங்குகின்றான். இதை நானும் பல்லாண்டு வகுப்பிலே நகைச்சுவையாகவே கற்பித்தேன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், அக்கரைப்பற்றிலே நான் கற்பித்த வகுப்பில் என் மகனும் ஒரு மாணவன். ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த தேசப்படம் கிழிந்து கிடந்தது. “யார் செய்தது?” என்று வினவினேன். விடையில்லை. என் மகனுடைய முகம் வெளிறியதை நான் கண்டேன். கண்டும், அவன் அருகில் இருந்த முஸ்லிம் மாணவனை எழுப்பி, அவன் கையில் இரண்டு அடி போட்டேன். அவன் என் மகனை ஒருமுறை பார்த்தான்; ஒன்றுஞ் சொல்லாமல் அமர்ந்தான்.

அன்றிரவு வழமைபோலச் செபத்திற்கு இருந்தோம். கர்த்தர் கற்பித்த செபத்திலே, பிறர் குற்றங்களை நாம் மன்னிப்பதுபோல எம் குற்றங்களையும் மன்னிக்க வேண்டும் இடத்தை அடைந்ததும் மகனுடைய குரல் நின்றது.

“அப்பா, படத்தைக் கிழிச்சது நான்தான். உங்களுக்குத் தெரியுந்தானே?”

அவ்வினாவின் முன் என் பண்டிதத் தமிழெல்லாம் ஊமையாயிற்று. என் மனைவி வேதபுத்தகத்தை மூடி வைத்தாள். “நாளைக்கு அந்தப் பிள்ளைக்கிட்ட மன்னிப்புக் கேட்டிட்டு வாங்க. அதுக்குப் பிறகு செபிப்பம்” என்றாள். காணிக்கையைப் பீடத்தின் முன்னே விட்டுவிட்டு, முதலிற் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கூறியதற்கு அவள் சொல்லினும் தெளிவான உரையை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

மறுநாள் வகுப்பின் முன் நின்று, “குற்றமற்றவனை அடித்தேன், அறிந்தே அடித்தேன், என்னை மன்னித்துக்கொள்” என்று அம்மாணவனிடம் கேட்டேன். என் மகனும் எழுந்து வந்து தன் தவற்றை ஒப்புக்கொண்டான். ஆசிரியனுக்குரிய மதிப்பு அன்றோடு போயிற்று என்றே அஞ்சினேன். மாலையிலே அச்சிறுவனின் வாப்பா, வயலிலிருந்து வந்த கோலத்தோடு, எம் வாயிலில் நின்றார். சினந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சேர், புள்ளைக்கிட்ட மன்னிப்புக் கேட்ட வாத்தியார இண்டைக்குத்தான் கண்டிருக்கன். இனி அவன் உங்களுக்கும் புள்ளதான்” என்றார்.

எபேசியருக்கு எழுதிய நிருபத்திலே பவுல், பெற்றோருக்குக் கீழ்ப்படியுமாறு பிள்ளைகளுக்குச் சொல்கின்றார். அவ்வளவில் நின்றாரா? இல்லை. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர் என்று அடுத்தபடியே தந்தையரையும் எச்சரிக்கின்றார். முன்னதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் நாம் பின்னதை விரைந்து கடந்துவிடுகின்றோம். பிள்ளை பெற்றோரின் சொல்லைச் செவியாற் கேட்கின்றது. அவர்தம் நடையையோ கண்ணாற் படிக்கின்றது. இரண்டும் மாறுபடுமிடத்து அது நடையையே நம்பும். நான் அன்று வாய்திறந்து ஒப்புக்கொள்ளாதிருந்தால், செபம் வேறு வாழ்வு வேறு என்னும் பாடத்தை என் மகன் என்னிடமே கற்றிருப்பான்.

இன்று அவனும் ஒரு குழந்தைக்குத் தந்தை. அன்று அடிபட்டவன் பெருநாள் தோறும் எம் இல்லத்திற்கு வட்டிலப்பம் கொண்டு வருகின்றான். நத்தார்ப் பண்டிகைக்கு எம் வீட்டுப் பலகாரம் அவன் வீடு செல்கின்றது. கனகசபையின் கதையை நான் இப்பொழுதும் வகுப்பிற் கற்பிக்கின்றேன். மாணவர் சிரிக்கின்றனர். நான் சிரிப்பதில்லை.