கொள்ளுக் கொடி

எழுந்து நடந்த கதை – 6

போன வாரம் என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தேன். இந்த வாரம் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால், என் விபத்து எனக்கே தெரியாது.

2023 மாசி மாதம். மாமா மகள் கல்யாணப் பத்திரிகை அடங்கிய மஞ்சள் பையை டேங்க் மேல் வைத்துக்கொண்டு உசிலம்பட்டி தாண்டி எழுமலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு டீக்கடையில் நின்று டீ குடித்தேன். சில்லறை இல்லை என்று கடைக்காரர் கடலை மிட்டாய் கொடுத்தார். அதுவரை நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, மதுரை பெரியாஸ்பத்திரியில் யாரோ என் பேன்ட்டைக் கத்தரிக்கோலால் கீழிருந்து மேலாகக் கிழிக்கிற சத்தம். நடுவில் மூன்று மணி நேரம் போன இடம் தெரியவில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு இது சகஜம், அது திரும்பி வராது, தேடாதீர்கள் என்றார் டாக்டர்.

தேடாமல் இருக்க முடியவில்லை. எட்டு மாதம் கழித்து, கைத்தடியோடு, மச்சானின் காரில் அந்த இடத்துக்குப் போனேன். ரோட்டோரம் ஒரு வேப்பமரம், அதன் அடியில் சுமைதாங்கிக் கல் போல ஒன்று, எதிரே மானாவாரிக் காடு. நான் விழுந்ததைப் பார்த்த ஆளை டீக்கடைக்காரர்தான் காட்டினார். அறுபது வயதைத் தாண்டிய அம்மா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

“கேசா சாமி?” என்றார்.

இல்லை ஆத்தா, சும்மா பார்க்க வந்தேன் என்று உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

விஷயம் இதுதான். அன்று ரோட்டில் பாதி அகலத்துக்குக் கொள்ளுக் கொடி பரப்பிக் காயப் போட்டிருந்தவர் அவர்தான். மதுரையைச் சுற்றி வண்டி ஓட்டுகிற யாருக்கும் இது புதிதல்ல. தை, மாசியில் பேரையூர், சேடபட்டி, எழுமலைப் பக்கம் தார் ரோடுதான் களம். லாரியும் பஸ்ஸும் ஏறி ஏறிக் கொள்ளை அடித்துக் கொடுத்துவிடும், கூலி மிச்சம். தப்புதான். ஆனால் ஊருக்கு இருக்கிற ஒரே களத்தில் முறை வருவதற்குள் மழை வந்துவிடும் என்கிறவரிடம் எந்தச் சட்டத்தை வாசிப்பது?

அவர் சொல்லித்தான் நான் விழுந்த விதம் எனக்குத் தெரிந்தது. “வேகமா வந்தீக. கொடி மேல ஏறுன பெறகு பிரேக்கப் போட்டீக. பின் சக்கரம் சுத்திக்கிட்டு முன்னால வந்துருச்சு.”

கொடி மேல் ஏறின பிறகு. இந்த ஒரு சொல்லைத்தான் எட்டு மாதமாகத் தேடியிருக்கிறேன் போலிருக்கிறது. காய்ந்த கொடியும் உதிர்ந்த கொள்ளும் சக்கரத்துக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருளும். டயருக்குத் தார் பிடி கிடைக்காது. அந்த நேரம் பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. என்னுடையது ஏபிஎஸ் எல்லாம் வருவதற்கு முந்திய பழைய வண்டி. வேகத்தைக் குறைப்பதென்றால் கொடிக்கு நன்றாக முன்னாலேயே குறைத்திருக்க வேண்டும். அதன் மேல் ஏறிவிட்டால் ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை விட்டு நேராக உருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மணலுக்கும் இதே கணக்குதான். பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியவனுக்கு இது தெரியாதா? தெரியும். நூறு தடவை அப்படியே தாண்டிப் போனதால் வந்த மெத்தனம்.

அன்று அந்த அம்மாவுக்கு அடுத்து வந்தவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சோடா வாங்க ஓடினார், ஒருவர் என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தார். இரண்டையும் பெரியவர் அதட்டி நிறுத்தினாராம். நம் ஊரில் அடிபட்டவன் வாயில் தண்ணீர் ஊற்றாவிட்டால் பாவம் என்று நினைப்பு. மயக்கத்தில் இருப்பவனுக்கு அது நுரையீரலுக்குள் போகும். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தியாகத் திரும்பினாலும் ஆபத்து. என் தொடை எலும்பு முறிந்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமல் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் இறங்கக்கூடிய முறிவு அது. அசைக்க அசைக்க அதிகமாகும். அவர் தன் ஆட்டுக் கம்பை என் காலோரம் வைத்து, தலைத்துண்டையும் அந்த அம்மாவின் பழஞ்சேலையையும் கிழித்து, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் 108-க்குப் பேசினான்.

பிறகு ஹெல்மெட். அம்மாவை என் தோளோரம் மண்டிபோட வைத்து, கழுத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, பண்ணரிவாளால் வாரை அறுத்து மெல்லக் கழற்றியிருக்கிறார். மூச்சு சரியாக இருந்தால் கழற்றாமலே விடுவது நல்லது, உங்கள் வாயில் ரத்தம் என்பதால் கழற்றினேன் என்றார்.

அந்த ஹெல்மெட் இப்போதும் வீட்டில் இருக்கிறது. இடது பக்கம் காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து, நடுவில் மயிரிழைக் கீறல். வார் அறுபட்டிருக்கிறது. அந்த வாரைப் பார்த்துத்தான், நான் அதை மாட்டியிருந்தேன் என்பதே எனக்குத் தெரியும். வழக்கமாகச் செக்கானூரணி செக்கிங் தாண்டியதும் கழற்றிக் கண்ணாடிக் கம்பியிலோ டேங்கிலோ வைத்துவிடுகிற ஆள் நான். அன்று டேங்கில் பத்திரிகைப் பை இருந்தது. வைக்க இடமில்லாததால் தலையில் இருந்தது. என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

ஹெல்மெட் என்றதும் ஒரு சாவையும் சொல்ல வேண்டும். ‘அரேபிய லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ் 1935 மே 13-ல் இங்கிலாந்தில் இரண்டு சைக்கிள் பையன்கள் மேல் மோதாமல் இருக்க மோட்டார் சைக்கிளை ஒடித்து விழுந்தார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அந்தச் சாவை மறக்கவில்லை. 1941-ல் அவர் எழுதிய கட்டுரைப்படி, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 21 மாதத்தில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்கள் செத்திருக்கிறார்கள். ஹெல்மெட்டோடு தலையில் அடிபட்டு அவர் கண்டவர்கள் ஏழே பேர், ஏழு பேரும் பிழைத்தவர்கள். அப்படியும் அங்கே ஹெல்மெட் கட்டாயமானது 1973-ல். நாம் நீதிமன்றம் சொல்லி, 2015 ஜூலையில் கடைகளில் வரிசையில் நின்று வாங்கினோம். 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 14,337. மதுரையில் பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட் போட்டவரை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பணக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தானாக விழுந்தவனுக்கு வழக்குப் போட எதிராளி கிடையாது. இன்சூரன்ஸோடு சேர்த்துக் கட்டுகிற 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு சாவுக்கும், கை கால் கண் போவதற்கும், நிரந்தர முடக்கத்துக்கும்தான். முறிந்து சேர்ந்த காலுக்கு அதில் ஒரு பைசா இல்லை. முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது, அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் புத்தூர்க் கட்டு. தொடைக்குள் ராடு வைத்த பிறகும், ஒரு தடவை போய்க் கட்டிட்டு வந்துரலாம்பா என்றார்.

அந்த அம்மாவிடம் வருகிறேன். ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு அவர் கொள்ளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். போலீஸ் வரும் என்று ஒரு வாரம் தூங்கவில்லை. அடிபட்டவருக்கு உதவுகிறவரைப் பேர் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாக வந்துவிட்டது. ஆனால் கழுத்தைப் பிடித்த கையும் கொடியைப் பரப்பிய கையும் ஒன்றாக இருந்தால்? எந்தப் பிரிவிலும் அதற்குப் பதில் இல்லை. அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது, ‘வேகமாக வந்து பிரேக் பிடித்ததில் சறுக்கி விழுந்தேன்’ என்று. பொய் இல்லை.

இந்த வருஷம் மாசியிலும் போயிருந்தேன், பைக்கில். பயம் போகவில்லை, நாற்பதைத் தாண்டவில்லை. ரோட்டில் கொடி கிடந்தது, ஆனால் கால்வாசி அகலத்துக்கு மட்டும். ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார். ராத்திரிக்கு இந்தக் கல்லே ஆளைக் கொன்றுவிடும் ஆத்தா, சாயங்காலமே எடுத்துருங்க என்றேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, இரண்டு படி கொள்ளைப் பையில் கட்டிக் கொடுத்தார். ரசம் வைத்துக் குடிக்க வேண்டுமாம், வலிக்கு நல்லதாம். பையை டேங்கில் வைத்து ஹெல்மெட் வாரை மாட்டினேன். கிட்டே வந்து அந்த வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“தெக்க, பாலத்துக்கிட்ட துவரை காயுது,” என்றார். “பாத்துப் போ சாமி.”