செய்வதற்கு முன்பே சில்லுக்குச் சோதனை

நான்காம் படிவத்தில் மின்சுற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கை உயர்த்தினாள். அவளுடைய அம்மா பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில், சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறார்.

“சார், சிப்புல தப்பு இருந்தா எங்கம்மா வேலை செய்ற மெஷின்லயே தெரிஞ்சிடும்தானே?”

பாதி சரி என்றேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மலாக்கா மாணவர்களுக்குச் சில்லு தூரத்துப் பொருள் அல்ல. 1973இல் சீமென்ஸ் நிறுவனம் இங்கே தொடங்கிய ஆலைதான் இன்று இன்ஃபினியன். ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறியவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. இத்தகைய ஆலைகளில் சில்லுகளை உறையிட்டு, கால்கள் பொருத்தி, ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். சோதனை இயந்திரம் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தச் சில்லு வரைபடத்தில் உள்ளபடி வந்திருக்கிறதா? எங்காவது கம்பி அறுந்திருந்தால் பிடித்துவிடும். ஆனால் வரைபடமே தவறாக இருந்தால்? எல்லாச் சில்லுகளும் ஒரே மாதிரி தவறாக வரும். எல்லாமே சோதனையில் தேறிவிடும்.

அப்படி நடந்தும் இருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய ஆய்வில் தம் கணினி தந்த விடை ஒத்துவராததைக் கண்டார். கணினியில் இருந்தது இன்டெல்லின் புத்தம் புதிய பென்டியம். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், பென்டியம் 1.33373 என்றது. வகுத்தலுக்காகச் சில்லுக்குள் பதித்த அட்டவணையில் 5 இடங்களில் எண்கள் விடுபட்டிருந்தன என்று இன்டெல் விளக்கியது. மென்பொருளில் பிழை என்றால் திருத்திய பதிப்பை அனுப்பிவிடலாம். சிலிக்கானில் பதிந்ததை அழிரப்பரால் அழிக்க முடியாது. சில்லுகளை மாற்றித் தர இன்டெல் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டாலர்.

ஆகவே சில்லைச் செய்வதற்கு முன்பே அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். இல்லாத சில்லை எப்படி ஓட்டுவது? இன்னொரு கணினியில் ஒரு நிரலை எழுதி, அதை அந்தச் சில்லாக நடிக்க வைக்க வேண்டும். இந்த நடிகருக்குப் பெயர் சிமுலேட்டர். தமிழில் பாவனை மென்பொருள் எனலாம். (‘செயலி’ என்றதும் கைத்தொலைபேசியில் பதிவிறக்கும் செயலி நினைவுக்கு வரும் என்பதால் இங்கே நுண்செயலி என்றே எழுதுகிறேன்.)

நுண்செயலி செய்வது மிக எளிய வேலை. ஒரு கட்டளையைப் படிக்கும், செய்யும், அடுத்ததற்குப் போகும். எண்களை வைத்துக்கொள்ளச் சில பெட்டிகள் உண்டு. ரிஸ்க்-ஃபைவ் வகை நுண்செயலியில் முக்கியமான பெட்டிகள் 32. அவற்றில் பெட்டி 0க்கு ஒரு விசித்திர விதி: அதில் எதை எழுதினாலும் அது 0ஆகவே இருக்கும்.

இதை வகுப்பில் கணினி இல்லாமலே செய்து பார்த்தோம். இரண்டு குழுக்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மாணவர், கையில் சிறு வெண்பலகை. கரும்பலகையில் நான் எழுதிய நிரல் இது:

1. பெட்டி 1இல் 4 வை
2. பெட்டி 2இல் 3 வை
3. பெட்டி 1ஐயும் 2ஐயும் கூட்டிப் பெட்டி 0இல் வை
4. பெட்டி 0இல் உள்ளதைப் பெட்டி 3இல் வை
5. பெட்டி 3உடன் பெட்டி 1ஐக் கூட்டு
6. பெட்டி 2இல் 1 குறை
7. பெட்டி 2ம் பெட்டி 0ம் சமமில்லை என்றால் வரி 5க்குப் போ

முதல் குழு 12 என்ற விடையோடு நின்றது. நான்கை மூன்று முறை கூட்டினால் 12தானே. இரண்டாவது குழு நிற்கவே இல்லை. பெட்டி 3இல் 11, 15, 19, 23 என்று ஏறிக்கொண்டே போனது. பெட்டி 2 பூச்சியத்தைத் தாண்டி −1, −2 என்று இறங்கியது. கூட்டல் பையன்தான் தப்பு செய்கிறான் என்று எல்லாரும் அவனைத் திட்டினார்கள். பாவம், அவன் கணக்கு சரி.

பிறகு இரு குழுவும் ஒவ்வொரு வரி முடிந்ததும் எழுதி வைத்த குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். முதல் வேறுபாடு வரி 3இல். பெட்டி 0 வைத்திருந்தவன் விதியை மறந்து 7 என்று எழுதிவிட்டான்! தவறு தெரிந்தது வரி 7இல். பிறந்தது வரி 3இல்.

சென்னையிலும் இதே முறைதான். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு உருவாக்கிய நுண்செயலிக்குப் பெயர் ‘சக்தி’. அதுவும் ரிஸ்க்-ஃபைவ் வகைதான். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய இந்தக் கட்டளைத் தொகுப்பை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ‘ஸ்பைக்’ என்ற இலவச சிமுலேட்டரும் அங்கிருந்தே வந்தது. சக்தியின் வரைபடத்தைக் கணினியில் ஓட்டுவார்கள். அதே நிரலை ஸ்பைக்கிலும் ஓட்டுவார்கள். கட்டளைக்குக் கட்டளை, பெட்டிக்குப் பெட்டி, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத முதல் இடத்தில் தேடத் தொடங்குவார்கள்.

ஸ்பைக் விடையை மட்டும் காட்டும் என்பதால் வேகமானது. வரைபடத்தின் ஒவ்வொரு கம்பியையும் பாவனை செய்யும் சிமுலேட்டர் ஆமைதான். ஒரு கணக்கு போடுங்கள். சக்தியின் ஒரு சில்லு 400 மெகாஹெர்ட்ஸ் வேகம், அதாவது விநாடிக்கு 40 கோடித் துடிப்பு. சிமுலேட்டர் விநாடிக்கு 10,000 துடிப்புதான் ஓட்டும் என்று வைத்துக்கொண்டால், நிஜச் சில்லின் ஒரு விநாடிக்கு 40,000 விநாடி, அதாவது 11 மணி நேரம்! இரவு ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான்.

அந்த 400 மெகாஹெர்ட்ஸ் சில்லு 2018இல் இன்டெல் ஆலையில் தயாராகி வந்தது. லினக்ஸும் அதில் ஓடியது. அதே ஆண்டு இந்தியாவுக்குள்ளேயே, சண்டிகர் ஆலையிலும் ஒரு சக்தி சில்லைச் செய்தார்கள்.

சிமுலேட்டருக்கு இன்னொரு பயனும் உண்டு: சில்லு கைக்கு வரும் முன்பே அதற்கு மென்பொருள் எழுதிவிடலாம். 1975இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் கணினிக்கு பேசிக் மொழியை எழுதியபோது அவர்களிடம் ஆல்டேர் இல்லை. ஹார்வர்டின் பெரிய கணினியை இன்டெல் 8080ஆக நடிக்கவைக்கும் நிரலை ஆலன் எழுதினார். பிறகு காகித நாடாவோடு விமானம் ஏறிப் போய், முதல் முறையாக நிஜ ஆல்டேரில் ஏற்றி, 2+2 கேட்டார். 4 என்று வந்தது.

வீட்டில் கணினி இருந்தால் ‘ரைப்ஸ்’ என்ற இலவச சிமுலேட்டரில் என் ஏழு வரிகளை ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளாக எழுதிப் பாருங்கள். பெட்டிகள் மாறுவதைப் படமாகவே காட்டும். கணினி இல்லையென்றால் எட்டு நண்பர்களும் வெண்பலகைகளும் போதும்.

மறுநாள் அந்த மாணவி மறுபடியும் கை உயர்த்தினாள். நடந்ததை வீட்டில் சொல்லியிருக்கிறாள். “சார், எங்கம்மா கேட்கச் சொன்னாங்க. அந்த ஸ்பைக்லயே தப்பு இருந்தா?”

சோதனைப் பிரிவில் வேலை செய்பவர் கேட்கும் கேள்விதான். இருக்கலாம். அதனால்தான் ஸ்பைக்கை மட்டும் நம்புவதில்லை. ரிஸ்க்-ஃபைவ் விதிகளைக் கணிதத் துல்லியத்தோடு ‘செயில்’ என்ற மொழியில் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதையும் ஓட்ட முடியும். இரண்டும் முரண்பட்டால் விதிநூலைத் திறந்து, எது சரி என்று மனிதர்கள் உட்கார்ந்து படித்துப் பார்க்கிறார்கள்.