வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்கிறவர்களுக்கு

டிசெம்பர் பிறந்தால் வைத்தியசாலை அலுவலகங்களுக்கு ஒரு அவசரம் வந்துவிடும். செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவங்கள் கட்டாக விடுதிக்கு வரும். "கீழ கையெழுத்தை மட்டும் வையுங்கோ, மிச்சத்தை நாங்கள் நிரப்புறம்" என்று ஒருவர் சொல்வார். இரவுக் கடமை முடிந்து கொடிகாமம் பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறவர் வைத்துவிட்டு ஓடுவார். சில வருடம் கழித்து, பதவி உயர்வு நேர்முகத்தில் அந்தத் தாள் மேசைக்கு வரும்போதுதான் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவரும். கையெழுத்து அவருடையது. இனி யாரோடு வாதாடுவது?

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். இதை இன்னும் ஒருமுறை சொல்லத்தான் போகிறேன்.

குறை இருந்தால் அதை எங்கே சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். 2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை நாடு முழுக்கப் பேசப்பட்டது. அப்போது பதில் வைத்திய அத்தியட்சகராக இருந்த இராமநாதன் அர்ச்சுனா நிர்வாகக் குறைகளை முகநூலில் கொட்டினார்; தென்மராட்சிச் சனம் வீதிக்கு இறங்கியது; அதே ஆண்டு நவம்பரில் அவர் நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார். அவர் சொன்னதில் எது சரி, எது பிழை என்பதற்குள் நான் போகவில்லை. அதைப் பார்த்துவிட்டு, தங்கள் குறையையும் முகநூலில் போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற ஊழியர்களைப் பற்றித்தான் என் கவலை. தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம் அரச ஊழியர் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. நேரலைக்கு ஆயிரம் விருப்பக்குறி விழலாம். உங்கள் சுயவிபரக் கோவைக்குள் ஒழுக்காற்றுக் கடிதம்தான் விழும்.

செய்யவேண்டியது வேறு. வருடாந்தச் சம்பள ஏற்றம் தானாக வருவதில்லை. வேலையும் நடத்தையும் திருப்தி என்று மேலதிகாரி சான்றுப்படுத்தினால்தான் வரும். ஆகவே ஜனவரியிலேயே உங்கள் கடமைப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தக் கடமை என்று எழுதாமல், வருட முடிவில் கடமையில் குறை கண்டோம் என்றால் எப்படி? படிவம் நிரப்பப்பட்ட பிறகு வாசியுங்கள். உடன்பாடு இல்லையென்றால் அதையும் திகதியோடு எழுதிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். பிரதி எடுங்கள். கைப்பேசியில் எடுத்த படமென்றாலும் போதும்.

சம்பள ஏற்றம் நின்றாலோ, பயிற்சிக்கு உங்கள் பெயர் விடுபட்டாலோ, காரணம் கேட்டு நிறுவனத் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். விறாந்தையில் நின்று கதைத்தது எதுவும் கணக்கில் வராது. கடிதத்தின் இரண்டாம் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். குத்த மறுத்தால் பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். மேன்முறையீட்டை மேலிடத்துக்கு எழுதும்போது "ஊடாக" என்று உங்கள் நிறுவனத் தலைவரைப் போட்டு அனுப்புங்கள். கடிதம் லாச்சிக்குள் தூங்கும் என்ற பயமிருந்தால் முற்கூட்டிய பிரதி ஒன்றை நேரடியாக அனுப்புங்கள்.

மேலிடம் எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை மாகாண நிர்வாகத்துக்குக் கீழ் உள்ளது. ஆனால் அங்கே வேலை செய்கிற எல்லோரும் மாகாண ஊழியர் அல்லர். உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து யார் நியமித்தது என்று பாருங்கள். மாகாணம் நியமித்திருந்தால் பிராந்தியப் பணிப்பாளர், மாகாணப் பணிப்பாளர், வடமாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழு என்று போகவேண்டும். நாடளாவிய சேவை என்றால் சுகாதார அமைச்சும் கொழும்பிலுள்ள பொதுச் சேவை ஆணைக்குழுவும். அந்த ஆணைக்குழுவின் தீர்மானத்துக்கு எதிராக நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அதற்கானது. வாசல் மாறிப் போன மனு திரும்பி வருவதற்குள் மாதங்கள் போய்விடும்.

உங்கள் சுயவிபரக் கோவையில் என்ன இருக்கிறது என்று காட்ட மறுக்கிறார்களா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது? நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் மதிப்பீட்டுப் படிவங்களின் பிரதியையும், பயிற்சிக்குப் பெயர் பரிந்துரைத்த பட்டியலையும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கும் சரிவரவில்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பாரபட்சம் என்றே நினைத்தால் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனு உண்டு. கால எல்லை ஒரு மாதம். ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. "பெருநாள் முடியட்டும், பிள்ளையின் சோதினை முடியட்டும்" என்று இழுத்துப்போட்டுப் பிறகு சட்டத்தரணியைத் தேடுகிறவர்களுக்கு எதுவும் செய்யமுடியாது.

படிவம் சிங்களத்தில் மட்டும் வந்தால், தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள்; வடக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதேநேரம் இரண்டாம் மொழிப் பரீட்சையை அலட்சியம் செய்யாதீர்கள். 2007 ஜூலை 1க்குப் பிறகு சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. வினைத்திறன் தடைகாண் பரீட்சையும் இப்படித்தான். "சாவகச்சேரியில் நமக்கேன் சிங்களம்" என்று இருந்தவர்களின் சம்பள ஏற்றம் நின்றால், அதற்கு அதிகாரியைத் திட்டிப் பயனில்லை.

பயிற்சி கிடைத்தவர்களுக்கும் ஒன்று. முழுச் சம்பளத்தோடு நீண்ட பயிற்சிக்கு அனுப்பும்போது பிணைமுறி கேட்பார்கள். எத்தனை வருடம் கட்டாய சேவை, இடையில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதை வாசித்துவிட்டுத்தான் ஒப்பமிடவேண்டும். பிணைக்கு நிற்கச் சொல்லி வருகிற சக ஊழியருக்கு உதவுவதென்றாலும், தொகையும் காலமும் நிரப்பிய தாளில்தான். வெற்றுத் தாளில் வேண்டாம்.